மேஜை மேல் ஓடும் சுண்ணாம்பு ரயில்

இங்கிலாந்தின் செஷயரில் சோடா உற்பத்தி நின்றுவிட்டது. அந்த ஆலைகளுக்குக் கல் சுமந்த ரயில் மட்டும், 76-ல் ஒரு பங்காகச் சுருங்கி, பள்ளிக்கூட ஹால்களில் ஓடுகிறது.

மான்செஸ்டர் பிக்கடில்லி நிலையத்தில் பக்ஸ்டன் ரயிலில் ஏறுகிறவர்களில் முதுகுப் பையும் கனத்த பூட்ஸுமாக வருகிறவர்களைப் பார்க்கலாம். பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவான பீக் டிஸ்ட்ரிக்ட்டில் நடக்கப் போகிறவர்கள் அவர்கள். 1951-ல் அந்தப் பூங்காவுக்கு எல்லை வகுத்தபோது பக்ஸ்டனையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் மட்டும் வெளியே விட்டுவிட்டார்கள். வரைபடத்தில் பார்த்தால், பூங்காவின் மேற்குப் பக்கத்தை யாரோ ஒரு கடி கடித்துவிட்டுப் போனது போலிருக்கும். அங்கே இயற்கை அழகுக்குக் குறைவில்லை. ஆனால் கல்லுக்கு விலை இருந்தது. குவாரிகளைப் பூங்காவுக்குள் வைத்துக்கொள்ள முடியாது என்பதால் எல்லைக்கோடு ஒதுங்கிப் போயிற்று. அந்தக் கடிபட்ட இடத்தில்தான் டன்ஸ்டெட் இருக்கிறது.

டன்ஸ்டெட்டை ஊர் என்பதைவிடக் குவாரி என்பதே பொருத்தம். ஐசிஐ என்ற மூன்றெழுத்தில் உலகம் அறிந்திருந்த இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸ் 1920களின் இறுதியில் இங்கே மலையை வெட்டத் தொடங்கியது. கிடைத்தது மிகவும் தூய்மையான சுண்ணாம்புக் கல். அதை மேற்கே செஷயர் சமவெளியில் நார்த்விச் ஊரில் இருந்த தன் சோடா ஆலைகளுக்குக் கொண்டுபோக ஐசிஐ தனக்கென்று வேகன்களைச் செய்துகொண்டது. 1936-ல் ஓடத் தொடங்கிய அந்த வேகன்கள் 1990களின் இறுதிவரை அதே பாதையில், அதே சரக்கோடு, கிட்டத்தட்ட அதே தோற்றத்தில் போய்வந்தன. இழுத்த எஞ்சின்கள் மாறின. அரசாங்கங்கள் மாறின. ரயில்வே தனியாரிடமிருந்து அரசுக்கு வந்து மறுபடி தனியாரிடம் போயிற்று. வேகன் மாறவில்லை.

பிரிட்டனின் மாடல் ரயில் பிரியர்களிடம் "ஐசிஐ ஹாப்பர்" என்று சொன்னால் போதும், மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

நம் ஊரில் மாடல் ரயில் என்றால் பிறந்தநாள் பரிசு. சாவி கொடுத்தால் அல்லது பாட்டரி போட்டால் வட்டத் தண்டவாளத்தில் சுற்றுகிற பொம்மை. இங்கிலாந்தில் அது பெரியவர்களின் பொழுதுபோக்கு, சில வீடுகளில் பொழுது முழுவதையும் விழுங்கிவிடும் வேலை. லண்டனில் உள்ள மாடல் ரயில்வே கிளப் 1910-ல் தொடங்கப்பட்டது. வார இறுதிகளில் ஏதாவதொரு பள்ளிக்கூட ஹாலிலோ சர்ச் ஹாலிலோ கண்காட்சி நடக்கிறது. நுழைவாயிலில் டிக்கெட், மூலையில் டீயும் கேக்கும், நடுவே மேஜைகள் மீது ஊர்கள், பாலங்கள், மலைகள். பளபளக்கும் எக்ஸ்பிரஸ் எஞ்சின்களைச் சுற்றிக் குழந்தைகளின் கூட்டம். ஆனால் ஏதோ ஒரு மேஜையில் சாம்பல் நிற வேகன்கள் மட்டுமே வரிசையாக ஊர்ந்துகொண்டிருக்கும். பின்னால் நிற்பவர் அவற்றை மிகவும் கவலையோடு கவனித்துக்கொண்டிருப்பார். ரசாயனத் தொழிலுக்குச் சரக்குக் கொண்டுபோகும் ரயிலை மாடலாகச் செய்கிறவர்களின் மேஜை அது.

அழுக்குச் சரக்கு ரயிலில் அப்படி என்ன இருக்கிறது? எக்ஸ்பிரஸ் ரயில் எங்கே வேண்டுமானாலும் போகலாம்; கற்பனை ஊருக்குக்கூடப் போகலாம். ரசாயன ரயிலுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. அது ஒரு குறிப்பிட்ட இடத்தில் நிரம்பி, ஒரு குறிப்பிட்ட ஆலையில் காலியாக வேண்டும். அதைச் சரியாகச் செய்ய நினைக்கிறவர் முதலில் கொஞ்சம் வேதியியல் படிக்க வேண்டியிருக்கிறது. பிறகு ஓர் ஊரின் சரித்திரம். அதற்கப்புறம்தான் பெயிண்ட்டும் பிரஷ்ஷும்.

வேதியியல் பெரிய ரகசியமில்லை. உப்பையும் சுண்ணாம்புக் கல்லையும் சேர்த்துச் சோடா ஆஷ் எடுப்பது சால்வே முறை. வீட்டில் துணி வெளுக்கப் பயன்படும் சலவை சோடாவின் நீரற்ற வடிவம் அது. கண்ணாடி, சோப்புத்தூள், எண்ணற்ற ரசாயனங்கள் எல்லாவற்றுக்கும் அது வேண்டும். சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுட்டால் கரியமில வாயு கிடைக்கிறது. அம்மோனியா கலந்த உப்பு நீருக்குள் அதைச் செலுத்தினால் சமையல் சோடா வெண்மையாகப் படிகிறது. அதை வறுத்தால் சோடா ஆஷ். அம்மோனியா திரும்பத் திரும்பப் பயன்படுகிறது. சமன்பாட்டின்படி 106 டன் சோடா ஆஷுக்கு 100 டன் சுண்ணாம்புக் கல்லும் 117 டன் உப்பும் தேவை. நடைமுறையில் இரண்டுமே இதைவிடக் கூடுதலாக வேண்டும். நார்த்விச்சின் காலடியில் உப்பு இருந்தது. சுண்ணாம்புக் கல் இல்லை. ரயிலுக்கு வேலை வந்தது அதனால்தான்.

1936-ல் அந்த வேகன் ஓர் அதிசயம். அந்தக் காலத்து பிரிட்டிஷ் நிலக்கரி வேகன் நான்கு சக்கரங்களில் பத்துப் பன்னிரண்டு டன் ஏற்றும். வேகன்களுக்கிடையே தொடர் பிரேக் கிடையாது. எஞ்சினும் கடைசியில் உள்ள கார்டு வண்டியும் பிடித்தால்தான் நிற்கும். யார்க்ஷயரில் வேக்ஃபீல்டு அருகே ஹார்பரியில் இருந்த சார்லஸ் ராபர்ட்ஸ் கம்பெனி ஐசிஐக்குச் செய்துகொடுத்ததோ எட்டுச் சக்கரங்கள் கொண்ட இரும்புத் தொட்டி. 40 டன்னுக்கு மேல் கல் ஏற்றும். அடியில் கதவு, திறந்தால் கல் தானாகக் கொட்டிவிடும். எல்லா வேகன்களிலும் வாக்குவம் பிரேக். டன்ஸ்டெட்டிலிருந்து கிளம்பும் ரயில் பீக் ஃபாரஸ்ட் அருகே கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 300 மீட்டர் உயரத்தில் உள்ள முகட்டைத் தாண்டிச் சமவெளிக்கு இறங்க வேண்டும். அத்தனை டன் கல்லோடு சரிவில் இறங்கும் வண்டிக்குப் பிரேக் ஆடம்பரமல்ல.

மாடல் செய்கிறவர் இந்த வேகனை 76-ல் ஒரு பங்காகக் குறைக்கிறார். பிரிட்டனில் பரவலாக வழங்கும் அளவு இது. ஓர் அடிக்கு நான்கு மில்லிமீட்டர் என்று கணக்கு. நீளம் 76-ல் ஒன்றாகும்போது எடை அப்படிக் குறைவதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைவதால் எடை சுமார் 4.4 லட்சத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. நிரம்பிய நிலையில் ஏறத்தாழ 60 டன் எடையுள்ள வேகன் மாடலில் 140 கிராம்கூட வராது, ஒரு பெரிய கொய்யாப்பழம் அளவு. அசலில் பூமியை அதிரவைத்துப் போன ரயில், மேஜையில் லேசாகத் துள்ளிக்கொண்டு போனால் ஏமாற்று வெளியே தெரிந்துவிடும். எனவே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஈயத் துண்டு வைக்கிறார்கள். வேகத்தையும் கணக்குப் போட்டுத்தான் வைக்க வேண்டும். மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் செல்லும் ரயில் இந்த அளவில் நொடிக்கு 26 சென்டிமீட்டர்தான் நகரலாம். அதற்கு மேல் போனால் அது பொம்மை.

தண்டவாள அகலத்தில் ஒரு நிரந்தரச் சண்டை உண்டு. கடைகளில் விற்கும் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். நான்கு மில்லிமீட்டர் கணக்கில் சரியான அகலம் 18.83. இந்த 2.33 மில்லிமீட்டர் வித்தியாசத்தைப் பொறுக்காதவர்கள் தண்டவாளத்தைத் தாங்களே போட்டு, வாங்கிய எஞ்சின்களின் சக்கரங்களையெல்லாம் கழற்றி மாற்றுகிறார்கள். மற்றவர்கள் அவர்களைச் சற்று மரியாதையோடும் சற்றுப் பரிதாபத்தோடும் பார்க்கிறார்கள்.

நிறம் அடுத்த தலைவலி. இந்த வேகன்களை யாரும் அவற்றின் உண்மையான நிறத்தில் பார்த்து ரொம்ப நாள் இருந்திருக்காது. சுண்ணாம்புத் தூள் படியும், மழை பெய்யும், தூள் வழிந்து கோடுகோடாக இறுகும், அதன் மேல் மறுபடி தூள். விளிம்பில் வெள்ளை கெட்டியாக இருக்கும். கதவைச் சுற்றித் துரு. புது வேகனை வாங்கிவந்து, பல மாலைகள் செலவழித்து, மெல்லிய ஸ்ப்ரேயாலும் பொடிகளாலும் அதைப் பழசாக்குகிறார்கள். ஏற்றுவதற்கு உண்மையான கல்லையே நொறுக்கிச் சலித்துப் போடுகிறவர்களும் உண்டு.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. இந்த ரயில் போகும்போது நிரம்பியிருக்கும், திரும்பும்போது காலி. வட்டத் தண்டவாளத்தில் ஒரே ரயிலைச் சுற்றவிட்டால், மேற்கே போன கல் அப்படியே கிழக்கே திரும்பி வரும். ஆலையில் யாரும் அதை இறக்கவில்லை என்று அர்த்தம். மனசாட்சியுள்ளவர் இரண்டு ரயில்கள் செய்கிறார்: கல்லோடு ஒன்று, காலியாக ஒன்று. ஒன்று திரைக்குப் பின்னால் மறைந்ததும் சற்று இடைவெளி விட்டு மற்றது எதிர்த்திசையில் வர வேண்டும். வேகன்களும் செலவும் வேலையும் இரண்டு மடங்கு. பார்வையாளர்கள் பலர் இதைக் கவனிப்பதுகூட இல்லை.

டன்ஸ்டெட்டை ஒட்டிய கிரேட் ராக்ஸ் பள்ளத்தாக்கில் இப்போது பயணிகள் ரயில் கிடையாது. ஒரு காலத்தில் அது மான்செஸ்டரிலிருந்து டார்பி வழியாக லண்டனுக்குப் போன முக்கியப் பாதையின் ஒரு பகுதி. 1968-ல் அந்தப் பாதையை மூடியபோது தெற்கே தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்தார்கள்; அங்கே இன்று சைக்கிள் விடுகிறார்கள். குவாரி வரையிலான துண்டு மட்டும் பிழைத்தது. சுண்ணாம்புக் கல் அதைக் காப்பாற்றியது. கல் போன வழியைத் தொடர விரும்புகிறவர்கள் ஸ்டாக்போர்ட்டுக்குத் திரும்பி, ஆல்ட்ரிங்காம் வழியாகச் செஸ்டர் போகும் ரயிலைப் பிடிக்க வேண்டும். பசு மேயும் வயல்களும் சிவப்புச் செங்கல் வீடுகளுமாகப் போகும் பாதை, லாஸ்டாக் கிராலம் தாண்டியதும் குழாய்களும் கோபுரங்களும் நிறைந்த ஓர் ஆலையை ஒட்டிச் செல்கிறது. அடுத்தது நார்த்விச்.

நார்த்விச், மிடில்விச், நான்ட்விச்: செஷயரில் 'விச்' என்று முடியும் இந்த ஊர்கள் எல்லாமே உப்புக்குப் பேர்போனவை. பூமிக்கடியில் உள்ள உப்பைத் தண்ணீரில் கரைத்து உறிஞ்சி எடுத்தார்கள். எடுத்த இடம் வெற்றிடமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நார்த்விச்சில் தெருக்கள் இறங்கின, கடைகள் சாய்ந்தன, வீடுகள் முதல் மாடி வரை மண்ணில் புதைந்தன. உப்பு உறிஞ்சுகிறவர்களிடமிருந்து நஷ்டஈடு வசூலிக்க 1891-ல் பார்லிமெண்ட் ஒரு சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. இன்றும் ஊர் நடுவில் கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைச் சுவருமாக நிற்கும் கட்டடங்களைச் சுற்றுலாப் பயணிகள் பழமையின் அழகு என்று படம் பிடிக்கிறார்கள். உண்மையில் அது பொறியியல். தரை இறங்கினால் ஜாக்கி வைத்துக் கட்டடத்தை மொத்தமாகத் தூக்கிவிடலாம் என்பதற்காக மரச்சட்டத்தில் கட்டினார்கள்.

1873-ல் ஜான் பிரன்னர், லுட்விக் மாண்ட் என்ற இருவர் ஊரை ஒட்டிய வின்னிங்டனில் சோடா ஆலை தொடங்கினார்கள். பிரன்னர் மாண்ட் 1926-ல் வேறு மூன்று கம்பெனிகளோடு இணைந்து ஐசிஐ ஆனது. இங்கேதான் 1933-ல் ஐசிஐயின் வேதியியலாளர்கள் இருவர், வேறெதையோ தேடிய சோதனையில், பாத்திரத்தின் அடியில் மெழுகு போல ஒட்டியிருந்த பாலித்தீனைக் கண்டார்கள். ஊரின் கணிசமான பேருக்கு வேலை, வீடு, விளையாட்டு மைதானம் எல்லாம் ஆலையைச் சுற்றியே இருந்தன. டன்ஸ்டெட் ரயில் வந்து சேர்வது அன்றாடச் செய்தி, பால்காரர் வருவது போல.

நார்த்விச்சுக்குப் பக்கத்திலிருந்து உப்பு நீர் குழாய் வழியாக மெர்சி நதிக்கரையில் உள்ள ரன்கார்னுக்கும் போனது. மின்சாரம் பாய்ச்சினால் உப்பு நீர் குளோரினாகவும் காஸ்டிக் சோடாவாகவும் பிரியும். ரன்கார்னில் 1897 முதல் இந்தத் தொழில் நடக்கிறது. 1915-ல் லூஸ் போர்க்களத்தில் பிரிட்டிஷ் ராணுவம் ஜெர்மானியர் மீது விட்ட குளோரின் இங்கே தயாரானதுதான். பிற்பாடு அதே வாயு குடிநீரைச் சுத்தம் செய்தது, பிளாஸ்டிக் ஆயிற்று. டாங்கர் வேகன்களில் நாடெங்கும் போயிற்று.

ரன்கார்னிலிருந்து நதியோரமாக இருபது கிலோமீட்டர் போனால் லிவர்பூல். அங்கே பின்ஸ் ரோடில் ஃபிராங்க் ஹார்ன்பியின் மெக்கானோ தொழிற்சாலை இருந்தது. 1938-ல் ஹார்ன்பி டப்ளோ என்ற பெயரில் மாடல் ரயில்களைக் கொண்டுவந்து, பிரிட்டிஷ் நடுத்தர வர்க்க வீடுகளின் தரை முழுவதும் தண்டவாளமாக்கியது அந்தத் தொழிற்சாலைதான். 1960களின் தொடக்கத்தில் அவர்கள் விற்ற வேகன்களில் ஒன்று ஐசிஐயின் குளோரின் டாங்கர். ஒரு டேபிள் சால்ட் கம்பெனியின் பெயர் தாங்கிய உப்பு வேகனும் அதே பட்டியலில் இருந்தது. உப்பையும் அதிலிருந்து பிரித்தெடுத்த வாயுவையும் ஒரே எஞ்சினின் பின்னால் மாட்டி, பையன்கள் சோபாவுக்கடியில் ஓட்டினார்கள். அந்த எஞ்சினும் தற்செயலானதல்ல. டன்ஸ்டெட் கல்லை நிஜத்தில் இழுத்த 8எஃப் ரக நீராவி எஞ்சினையும் டப்ளோ விற்றது.

அந்தப் பையன்கள்தான் இன்று கண்காட்சி மேஜைகளுக்குப் பின்னால் கண்ணாடியோடு நிற்கும் தாத்தாக்கள்.

1984 டிசம்பருக்குப் பிறகு இந்தியாவில் எந்தத் தகப்பனும் மகனுக்கு விஷவாயு டாங்கரை விளையாடக் கொடுக்க மாட்டான். போபாலின் பெயர் நமக்குள் அப்படிப் பதிந்திருக்கிறது. மேற்கத்திய நாடுகளும் தங்கள் பங்குக்குப் பயந்தன. 1979 நவம்பர் 10 இரவு கனடாவில் டொரண்டோவை ஒட்டிய மிஸிஸாகாவில் ஒரு சரக்கு ரயில் கவிழ்ந்தது. எண்ணெய் போடாத பேரிங் ஒன்று சூடேறிக் கழன்றதுதான் காரணம். புரொப்பேன் டாங்கர்கள் வெடித்தன; பக்கத்தில் ஒரு டாங்கரிலிருந்து குளோரின் கசிந்தது. இரண்டு லட்சம் பேருக்கு மேல் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். உயிர்ச்சேதம் இல்லை. இதைத் தெரிந்துகொண்டு ஒரு டாங்கர் மாடலைப் பார்த்தால், அதன் சக்கரப் பெட்டியின் மூடியை ஏன் அவ்வளவு கவனமாகச் செய்திருக்கிறார்கள் என்பது புரியும்.

ரசாயன ரயிலின் ஒவ்வொரு அடையாளத்துக்கும் இப்படிப் பின்னால் ஒரு பயம் இருக்கிறது. திரவமாக்கிய வாயு ஏற்றும் டாங்கரின் வெள்ளை உடலைச் சுற்றி ஓர் ஆரஞ்சுப் பட்டை. அதன் பக்கவாட்டில் ஓர் எச்சரிக்கைப் பலகை: தீயணைப்பு வீரர் தண்ணீர் அடிக்கலாமா, முகமூடி வேண்டுமா, ஊரைக் காலி செய்ய வேண்டுமா என்பதை இரண்டு மூன்று எழுத்துகளில் சொல்லும் குறியீடு, கீழே ஐ.நா. எண். குளோரினுக்கு 1017. நீரற்ற அம்மோனியாவுக்கு 1005. எஞ்சினுக்கும் அபாயமான டாங்கருக்கும் நடுவே காலி வேகன் ஒன்று இடைவெளிக்காக மாட்டப்பட்டிருக்கும். ஒன்றும் ஏற்றாத அந்த வேகனையும் மெனக்கெட்டுச் செய்கிறார்கள். மாடலில் எச்சரிக்கைப் பலகை ஓர் அரிசியின் நீளத்துக்கு மேல் போகாது. அதிலும் எண் சரியாக இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும் ஆள் ஒவ்வொரு கண்காட்சிக்கும் வந்துவிடுகிறார்.

இவ்வளவு துல்லியத்துக்கு நடுவே, மேஜையில் இடம்பெறாதவையும் உண்டு. அம்மோனியா நெடி அங்கே வராது. ஷிஃப்ட் முடிந்து கண் எரிய வீடு திரும்பியவர் அங்கே இல்லை. சால்வே முறையில் மிஞ்சும் கால்சியம் குளோரைடும் சுண்ணாம்புச் சேறும் நார்த்விச்சைச் சுற்றிப் பல காலம் கொட்டப்பட்டன. உப்பெடுத்ததால் நிலம் உள்வாங்கி உருவான ஏரிகளே அதற்குக் குப்பைத்தொட்டி ஆயின. அங்கே இன்று பறவை பார்க்கப் போகிறார்கள். மற்ற மண்ணில் அவ்வளவாக வளராத காட்டு ஆர்க்கிட் பூக்கள் அந்த வெள்ளைச் சேற்றில் பூக்கின்றன. சேறு பூந்தோட்டமானது இயற்கையின் பெருந்தன்மை; கொட்டியவர்கள் அதைத் திட்டமிடவில்லை. மாடல் செய்கிறவர்களில் நேர்மையானவர்கள் இதையும் சேர்க்கிறார்கள். மேஜையின் ஓரத்தில் ஒரு சுண்ணாம்புக் குட்டை, ஜாக்கியால் தூக்கிய ஒரு வீடு.

பிறகு ஆலைகளின் கதை நம் பக்கம் திரும்புகிறது. ஐசிஐ 1991-ல் தன் சோடா தொழிலைக் கைவிட்டது. பிரன்னர் மாண்ட் என்ற பழைய பெயர் திரும்பி வந்தது. 2006-ல் அந்தக் கம்பெனியை வாங்கியது டாடா கெமிக்கல்ஸ். குஜராத் கடற்கரையில் மீட்டாபூரில் 1939 முதல் வேரூன்றிய இந்திய நிறுவனம் அது. குஜராத்தியில் 'மீட்டு' என்றால் உப்பு. மீட்டாபூர் என்றால் உப்பூர். ஓர் உப்பு ஊர் இன்னோர் உப்பு ஊரை விலைக்கு வாங்கியது. வாங்கிய ஆலை லாபமாக ஓடியிருந்தால் கதை இனிமையாக முடிந்திருக்கும். கேஸ் விலை ஏறியது. 2014-ல் வின்னிங்டன் ஆலையில் சோடா உற்பத்தி நின்றது. சுமார் 220 பேருக்கு வேலை போயிற்று. மிஞ்சியிருந்த லாஸ்டாக்கிலும் 2025 ஜனவரியோடு சோடா ஆஷ் உற்பத்தி முடிந்தது. 1873-ல் வின்னிங்டனில் தொடங்கிய தொழில் அது. ஐசிஐ என்ற கம்பெனியும் இன்று இல்லை. 2008-ல் அக்சோ நோபல் அதை வாங்கிவிட்டது.

டன்ஸ்டெட்டில் இன்னும் கல் வெட்டுகிறார்கள். அது கட்டடங்களுக்கும் சிமெண்ட்டுக்கும் போகிறது. நார்த்விச் சோடாவுக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை. மெக்கானோ தொழிற்சாலையும் 1979-லேயே மூடப்பட்டுவிட்டது. நிஜ ஆலை, அதன் ரயில், அந்த ரயிலைப் பொம்மையாக்கிய ஆலை ஆகிய மூன்றும் போய்விட்டன. பழைய ஹாப்பர்களில் சில பாதுகாக்கப்பட்டு நிற்கின்றன, ஓடுவதில்லை.

ஓடுவது மேஜை மேல்தான். அரண்மனையையும் போர்க்கப்பலையும் காப்பாற்ற அரசாங்கங்களுக்குப் பணம் இருக்கும். சோடா ஆலைக்குக் கல் கொண்டுபோன ரயிலின் கால அட்டவணையை எந்த அரசாங்கம் காப்பாற்றும்? எந்தக் கிழமையில் எத்தனை வேகன், எந்த சிக்னலில் காத்திருந்தது, காலி ரயில் எத்தனை மணிக்குத் திரும்பியது என்பதையெல்லாம் ஓய்வுபெற்ற ஓட்டுநர்களிடமும் ஆலைத் தொழிலாளர்களிடமும் கேட்டுக் குறித்துக்கொண்டவர்களில் முக்கியமானவர்கள் இந்தப் பொழுதுபோக்குக்காரர்கள். வேகனின் ஏணியில் எத்தனை படி என்று தெரிந்துகொள்ளத்தான் போனார்கள். கேட்டவரோ அந்த ஏணியில் பனிக்காலத்தில் ஏறிய கதையையும் சேர்த்துச் சொன்னார். மாடலுக்கு ஏணி மட்டும் போதும். ஆனால் கதையும் நோட்டுப் புத்தகத்தில் ஏறிவிட்டது.

இந்த அறிவுக்கு வாரிசு உண்டா என்பதே இப்போதைய கவலை. மேஜைகளுக்குப் பின்னால் நிற்கும் தலைகள் பெரும்பாலும் நரைத்தவை. ஒருவர் மறைந்தால் அவருடைய வேகன்கள் ஏலத்துக்குப் போகின்றன. வாங்குகிறவருக்கு அது ஒரு சாம்பல் நிற வேகன். எந்தக் குவாரி, எந்த ஆலை, ஏன் இரண்டு ரயில் என்பது பெட்டிக்குள் வருவதில்லை, யாராவது எழுதி உள்ளே வைத்திருந்தால் ஒழிய. சிலர் அப்படி எழுதி வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

இங்கிலாந்தின் வடமேற்குப் பக்கம் போகிறவர்கள் ஏரி மாவட்டத்தையும் லிவர்பூலின் பீட்டில்ஸ் தெருக்களையும் பார்த்துவிட்டுத் திரும்புவது வழக்கம். ஒரு நாள் கூடுதலாக இருந்தால் நார்த்விச்சுக்கு ஒதுக்கலாம். அருகே மார்ஸ்டனில் உப்புக் காய்ச்சிய பழைய லயன் ஆலை அருங்காட்சியகமாக இருக்கிறது. ரன்கார்னுக்கு எதிர்க்கரையில் விட்னஸில் உள்ள கேட்டலிஸ்ட், ரசாயனத் தொழிலுக்கென்றே அமைந்த அருங்காட்சியகம். அது சனி, ஞாயிறாக இருந்தால், பக்கத்தில் எந்த ஹாலில் மாடல் ரயில் கண்காட்சி என்று விசாரியுங்கள். சாம்பல் நிற வேகன்கள் ஓடும் மேஜையைத் தேடிப் பிடித்து, "இதில் என்ன போகிறது?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் முடிய அரை மணி நேரமாவது ஆகும். பேச்சு எப்படியும் மீட்டாபூருக்கு வந்து சேரும். நீங்கள் இந்தியாவிலிருந்து வருகிறீர்கள் என்று தெரிந்தால் அவரே உங்களிடம் கேட்கத் தொடங்குவார்: அங்கே கல் எங்கிருந்து வருகிறது, எந்த வேகனில் வருகிறது, பக்கத்தில் நின்று யாராவது படம் எடுத்து வைத்திருக்கிறார்களா?